அம்மா ஏன் பாதியில் எழுந்து போனார்?

கேள்வி: நான் லண்டனில் இருக்கிறேன். எங்கள் ஊர் கிளிநொச்சிக்குப் பக்கம். 2009இல் எனக்கு 11 வயது. அண்மையில் ஈழப்போரின் கடைசி மாதங்களைப் பற்றிய ஒரு படம் இங்கே திரையரங்கில் ஓடியது. எங்கள் கதை பெரிய திரையில் வருகிறதே என்று நான்தான் அம்மாவையும் அப்பாவையும் கூட்டிப்போனேன். ஷெல் விழுகிற காட்சிகளில்கூட அசையாமல் இருந்த அம்மா, ஒரு பெண் சீலையைக் கிழித்து மண்மூட்டை தைக்கிற இடத்தில் எழுந்து வெளியே போய்விட்டார். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. இப்போது இரண்டு வாரமாகிறது. இரவில் நித்திரை இல்லை. கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறார். என்னவென்று கேட்டால் "ஒண்டுமில்லை" என்கிறார். அப்பா நேர்மாறு. பங்கரை (பதுங்குகுழியை) 'எல்' வடிவில்தான் வெட்டுவது, ஷெல் வந்தால் ஓடுவதில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம், விருந்துக்கு வந்தவரிடம்கூட, படத்தில் இருக்கிற பிழைகளைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். எரிச்சலாக இருக்கிறது. படத்தைப் பற்றிச் சொந்தக்காரரிடையே சண்டையும் வந்தது. எனக்கோ ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. கூட வந்த என் இந்தியத் தோழி விம்மி அழுதாள். இங்கே பிறந்த என் தம்பிக்கு 14 வயது. இரவிரவாகப் போர்க் காணொளிகளைப் பார்க்கிறான். நான் கூட்டிப்போனது பிழையா? அம்மாவை எப்படிப் பேச வைப்பது? எனக்கு மனமே இல்லையா?

பதில்:

அன்பின் பிள்ளைக்கு,

கூட்டிப்போனது பிழையில்லை. வேண்டுமானால், போவதற்கு முன்பே படத்தில் என்னென்ன வருகிறது என்று ஒருமுறை சொல்லியிருக்கலாம். ஓர இருக்கையாகப் பார்த்து எடுத்திருக்கலாம். அடுத்த முறைக்கு அது போதும். இதற்கு மேல் இந்தக் கேள்வியில் நிற்க வேண்டாம். வீட்டில் பார்க்க வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

அம்மாவிடமிருந்து தொடங்குகிறேன். ஷெல் விழும்போது அசையாமல் இருந்தவர் சீலையைக் கண்டதும் எழுந்துபோனது உங்களுக்கு விளங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உளவளத்துணை (கவுன்சலிங்) செய்கிற எனக்கு அது நன்றாகவே விளங்குகிறது. வன்னியில் போரின் கடைசி மாதங்களில் சனம் கரையோரமாக நெருக்கப்பட்டது. மாத்தளன், பொக்கணை, முள்ளிவாய்க்கால் எல்லாம் மணல் நிலம். தோண்டத் தோண்டச் சரியும், கொஞ்சம் ஆழம் போனால் தண்ணீர் ஊறும். மண்மூட்டை இல்லாமல் அங்கே பங்கர் நிற்காது. சாக்கு தீர்ந்ததும் பெண்கள் சீலைகளைத்தான் வெட்டித் தைத்தார்கள். முதலில் பழைய சீலை, பிறகு கோயிலுக்குக் கட்டுகிற சீலை, கடைசியில் கூறைச்சேலையும் போனது. ஒவ்வோர் இடப்பெயர்விலும் எதையெதையோ விட்டுவிட்டு அந்த ஒன்றை மட்டும் பெட்டியின் அடியில் வைத்துக் காவிவந்த பெண்கள், அதையும் கத்தரிக்கோலுக்குக் கொடுத்தார்கள். உங்கள் அம்மாவும் அப்படிச் செய்தாரா என்பது எனக்குத் தெரியாது. நீங்களும் கேட்க வேண்டாம்.

போர்ப்படம் என்றால் வெடிக்கும், இரத்தம் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். அதற்கு அம்மா மனத்தைத் தயார்படுத்திக்கொண்டுதான் வந்திருப்பார். சீலை கிழிகிற சத்தத்துக்கு யாரும் தயாராக வருவதில்லை. பெரிய ஆபத்தின் நடுவே பதிகிற நினைவு மற்ற நினைவுகளைப் போல ஒழுங்காக அடுக்கப்படுவதில்லை. ஒரு மணத்தோடு, ஒரு துணியின் தொடுகையோடு, ஒரு சின்னச் சத்தத்தோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். அந்த மணமோ சத்தமோ திரும்ப வந்தால், 'அப்போது நடந்தது' என்று தோன்றாது. 'இப்போது நடக்கிறது' என்றே உடம்பு எடுத்துக்கொள்ளும். நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும், கால் வெளியே போ என்று சொல்லும். அம்மா கால் சொன்னதைக் கேட்டார். அந்த நேரத்தில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவருக்குத் தெரிந்த சரியான வழி அதுதான்.

இத்தனை வருடம் கழித்துமா என்று கேட்பீர்கள். 1998இல் 'சேவிங் பிரைவேட் ரயன்' வெளியானபோது, இரண்டாம் உலகப்போர் முடிந்து ஐம்பது வருடத்துக்கு மேலாகியிருந்தது. ஆனாலும் அந்தப் படத்தைப் பார்த்துக் கலங்கிப்போன முன்னாள் படைவீரர்களுக்காக அமெரிக்க அரசின் படைவீரர் நலத்துறை தனித் தொலைபேசி உதவி வைக்க வேண்டியிருந்தது. வேலைக்குப் போய், பிள்ளை வளர்த்து, பேரப்பிள்ளையும் கண்டவர்கள் அவர்கள். மனவடு உள்ளவர் அத்தனை காலமும் நோயாளியாகவே இருந்திருக்க வேண்டும் என்றில்லை. நன்றாக வாழ்ந்துகொண்டிருப்பவரைக்கூட ஒரு காட்சி உலுக்கிவிடும். பெரும்பாலானவர்கள் சில வாரங்களில் பழையபடி நிமிர்ந்தும் விடுவார்கள்.

அப்புறம் அந்தப் பை. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் நிறுத்தியது அதுதான். வன்னியிலிருந்து வந்த எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் அந்தப் பையைச் சொல்வார்கள்: அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், காணி உறுதி, பிள்ளைகளின் தேர்ச்சி அறிக்கை, இரண்டொரு நகை. எல்லாவற்றையும் பொலித்தீனில் சுற்றி, ஓடும்போது கையில் அகப்படுகிற மாதிரி வைத்திருப்பார்கள். வீடு போகும், மாடு போகும், பையை மட்டும் விடமாட்டார்கள். நந்திக்கடல் களப்பில் நெஞ்சளவு தண்ணீரில் இறங்கியவர்கள் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்கள். இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்கு அது இல்லாமல் வந்தவர்கள், தான் யார் என்று நிரூபிக்கவே எத்தனை கந்தோர் ஏறி இறங்கினார்கள் என்று உங்கள் அம்மாவுக்குத் தெரியும். முன்பு ஒருமுறை கைகொடுத்த காரியத்தை அவர் மனம் மறுபடி செய்கிறது. ஆகவே அந்தப் பையைத் தலைமாட்டிலிருந்து எடுத்து அலுமாரிக்குள் வைத்துவிடாதீர்கள். "இது லண்டன் அம்மா, இதெல்லாம் ஏன்?" என்று சிரிக்கவும் வேண்டாம். அங்கேயே இருக்கட்டும். பயம் தணிந்ததும் அவரே எடுத்து வைப்பார்.

அம்மாவை எப்படிப் பேச வைப்பது என்று கேட்டீர்கள். பேச வைக்காதீர்கள். வாய்விட்டுச் சொன்னால் பாரம் குறையும் என்று எல்லாரும் நம்புகிறோம். அவராக, அவர் தெரிந்தெடுத்த நேரத்தில், அவர் விரும்பிய ஆளிடம் சொன்னால் குறையும்தான். பிறர் உட்காரவைத்துக் கிண்டி எடுத்தால் சிலருக்கு நிலைமை மோசமாகவும் கூடும். பேரிடர் நடந்த கையோடு மக்களை இருத்தி நடந்ததையெல்லாம் விவரிக்கச் சொல்வது ஒருகாலத்தில் வழக்கமாக இருந்தது. அது பலன் தருவதில்லை என்று கண்டதால், உலக சுகாதார நிறுவனம் இப்போது அந்த முறையைப் பரிந்துரைப்பதில்லை. பக்கத்தில் இருங்கள், தேவையைப் பாருங்கள், அவராகச் சொன்னால் கேளுங்கள், வற்புறுத்த வேண்டாம் என்பதுதான் இன்று நாங்கள் பழகுகிற முறை. "ஒண்டுமில்லை" என்று அம்மா சொன்னால் "சரி அம்மா, நான் பக்கத்து அறையிலதான் நிக்கிறன்" என்று சொல்லுங்கள்.

இரவில் திடுக்கிட்டு எழும்பினால் உலுக்காதீர்கள். விளக்கைப் போடுங்கள். கொஞ்சம் தள்ளி நின்று, அவருக்குப் பழக்கமான குரலில், எங்கே இருக்கிறார் என்று சொல்லுங்கள்: "அம்மா, இது எங்கட வீடு. லண்டன். அப்பா இருக்கிறார், தம்பி நித்திரை, நான் இஞ்ச நிக்கிறன்." பாதம் இரண்டும் நிலத்தில் படுகிற மாதிரி கட்டிலில் இருக்கச் சொல்லுங்கள். ஒரு கிளாஸ் குளிர்ந்த தண்ணீரைக் கையில் கொடுங்கள், குடிக்காவிட்டாலும் பிடித்துக்கொண்டிருக்கட்டும். கண்ணில் படுகிற சாமான்களின் பெயரை இரண்டுபேரும் சேர்ந்து சொல்லலாம். உடம்பு இந்த அறைக்குத் திரும்பி வர இவை உதவும். யாழ்ப்பாணத்தில் உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் போர்க்காலத்திலேயே கண்ட ஒன்று, புதிதாகக் கற்றுக்கொடுக்கிற பயிற்சியைவிட ஒருவர் சின்ன வயதிலிருந்து பழகிய செபமோ மந்திரமோ, அதோடு சேர்ந்த மெதுவான மூச்சோ நம் மக்களுக்கு எளிதாகக் கைவரும் என்பது. அம்மாவுக்குத் தேவாரம் பாடுகிற பழக்கம் இருந்தால், மாலையில் நீங்களும் பக்கத்தில் இருந்து பாடுங்கள். இன்னொன்று: லண்டனில் தீபாவளிக்கும் நவம்பர் 5ஆம் தேதிக்கும் வானவெடி விடுவார்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இனி அப்பா. அவர் குறை பிடிப்பது உங்களுக்கு எரிச்சலாக இருக்கிறது என்பது கடிதத்தில் தெரிகிறது. "பங்கர் அப்பிடியே வெட்டுறது? நேரா வெட்டினா சிதறல் உள்ள வராதே?" என்று விருந்துக்கு வந்தவரிடம் கேட்டாராம். "ஷெல் வரேக்க ஆரும் ஓடுறதில்லை, விழுந்து படுக்கிறது" என்றாராம். பிள்ளை, இதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். குடும்பத்துக்குப் பங்கர் வெட்டினவர் அவர். எந்தப் பக்கம் வாசல் வைத்தால் பிள்ளைகள் தப்புவார்கள், எந்தத் தென்னங்குற்றி தாங்கும், எத்தனை மூட்டை அடுக்கலாம் என்று கணக்குப் பார்த்தவர் அவர். உங்களைக் காப்பாற்ற அவர் செய்த காரியத்தில், வாய்விட்டுச் சொல்லக்கூடியதாக மிஞ்சியிருப்பது அந்த 'எல்' வடிவம்தான். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் இருக்கிறது. படத்தின் பிழைகளைச் சொல்லிச் சொல்லி அவர் தன் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார், அதுவும் இத்தனை வருடத்தில் முதல் தடவையாக இருக்கலாம்.

ஆகவே அடுத்த தடவை "படம்தானே அப்பா, விடுங்கோ" என்று சொல்லாதீர்கள். ஒரு தாளும் பேனாவும் கொடுத்து "நீங்கள் வெட்டினது எப்பிடி? கீறிக் காட்டுங்கோ" என்று கேளுங்கள். கீறுவார். எங்கே அடுப்பு, எங்கே தண்ணீர்க் கலன், இரவில் யார் எந்த மூலையில் படுத்தது என்று வரும். ஓரிடத்தில் பேச்சு நின்றுவிடும். அங்கே அடுத்த கேள்வி கேட்க வேண்டாம், தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாருங்கள். விருப்பமிருந்தால் அவரே தொடர்வார். இல்லாவிட்டால் இன்னொரு நாள்.

அப்பாவின் கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். உள்நாட்டுப் போரில், என்ன நடந்தது என்பதே கடைசிவரை வழக்காகத்தான் இருக்கும். இரண்டு தரப்பும் ஒரே நாட்டில் மிஞ்சியிருக்கும், ஒரே படத்தைப் பார்க்கும். பொதுமக்கள் இழப்பு என்று எதுவும் இல்லை என்ற கணக்கில்தான் அன்றைய இலங்கை அரசு பேசியது. கடைசிக் கட்டத்தில் 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்று ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் எழுதியது. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று "நான் அங்கே இருந்தேன்" என்று சொல்கிறவருக்குப் படத்தில் வருகிற சின்னப் பிழையும் சின்னதாகத் தெரியாது. 'இதே பொய் என்றால் மிச்சமும் பொய்தான்' என்று நாளைக்கு எவராவது சொல்லிவிடுவார்களே என்ற பயம் அது. அந்தப் பயத்துக்கு நியாயம் இருக்கிறது.

படத்தைப் பற்றி உங்கள் சொந்தக்காரரிடையே சண்டை வந்ததாகவும் எழுதியிருந்தீர்கள். வரத்தான் செய்யும். 1983 யூலைக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பைவிட்டு வந்தவர், 1995 ஒக்டோபரில் ஒரே இரவில் யாழ்ப்பாணத்து வலிகாமத்தைவிட்டு நடந்தவர், 2009 மே வரைக்கும் முள்ளிவாய்க்காலில் இருந்தவர் எல்லாரும் போர் என்று ஒரே சொல்லைச் சொன்னாலும் அவரவர் கண்டது வேறு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகள் வெளியேற்றிய முஸ்லிம் குடும்பத்தவர் அந்தப் படத்தைப் பார்த்தால் "நாங்கள் எங்கே?" என்றுதான் முதலில் தேடுவார். கடைசி மாதங்களில் தன் பிள்ளையை இயக்கம் பிடித்துக்கொண்டு போன தாய் வேறொன்றைத் தேடுவார். பிள்ளையை இராணுவத்திடம் கையளித்துவிட்டு இன்னும் அந்தப் பிள்ளையின் புகைப்படத்தைப் பிடித்தபடி தெருவில் இருக்கிற தாய் வேறொன்றை. இரண்டரை மணி நேரத்தில் இத்தனை பேருக்கும் பதில் சொல்கிற படம் கிடையாது. அவர்களில் யாருடைய ஏமாற்றத்தையும் நீங்கள் தீர்த்துவைக்க வேண்டியதில்லை. வீட்டில் சத்தம் கூடினால் பேச்சை மாற்றுங்கள். அம்மாவுக்கு இப்போது சத்தம் ஆகாது.

உங்களுக்கு மனமே இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தத் திரையரங்கில் நீங்கள் பார்த்தது திரையையா, அம்மாவின் முகத்தையா என்று யோசித்துப் பாருங்கள். அவர் எந்தக் காட்சியில் அசையவில்லை, எந்தக் காட்சியில் எழுந்தார் என்று இவ்வளவு துல்லியமாக எழுதியிருக்கிறீர்கள். படத்தின் முடிவைப் பற்றி ஒரு வரி இல்லை. பங்கருக்குள் இருந்த பிள்ளைகள் அப்படித்தான் பழகினார்கள். வெளியே என்ன சத்தம் என்பதைப் பெரியவர்களின் முகத்தில்தான் வாசிப்பார்கள்; அம்மா பயந்தால் பயப்பட வேண்டும், அம்மா சோறு குழைத்தால் சாப்பிட வேண்டும். 11 வயதில் பழகியதை அன்றைக்கும் செய்தீர்கள். உங்கள் தோழி பாதுகாப்பான இடத்தில் இருந்து பார்த்தாள், அவளால் அழ முடிந்தது. அவள் அழுகையும் உண்மையானதுதான். உங்களுடையது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பஸ்ஸில் போகும்போது, வேறு ஏதோ படத்தில், இல்லை வராமலே போகலாம். மரத்துப்போவதும் ஒரு விதமான வலிதான். ஆனால் படத்தில் மட்டுமல்லாமல் வேலையிலும் நட்பிலும் எல்லாமே எட்ட நடக்கிற மாதிரி இருந்தால், உங்களுக்காகவே ஒரு உளவளத்துணையாளரைப் பாருங்கள். வீட்டில் எல்லாரையும் பார்த்துக்கொள்கிற மூத்த பிள்ளைகள் இதைத்தான் கடைசியாகச் செய்வார்கள். நீங்கள் முதலிலேயே செய்யுங்கள்.

தம்பியை இந்த வாரமே கவனிக்க வேண்டும். 2013இல் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்ததற்குப் பிறகு அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்தார்கள். அந்த இடத்தில் இருந்தவர்களைவிட, அடுத்த நாட்களில் தினமும் ஆறு மணி நேரமும் அதற்கு மேலும் அந்தச் செய்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் பதற்ற அறிகுறிகள் அதிகமாக இருந்தன. தம்பி பார்ப்பது வெறும் செய்தியும் இல்லை. கொலையை நேரடியாகக் காட்டுகிற காணொளிகள் அவை. ஒன்று முடிய மற்றது தானாக ஓடும். ஆகவே இரவில் தொலைபேசி அவன் அறைக்கு வெளியே இருக்கட்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அதை மட்டும் செய்தால் ஒளித்துப் பார்ப்பான். 14 வயதுப் பிள்ளை அதைத் தேடுவது கெட்ட ஆசையால் இல்லை. வீட்டில் எல்லாரிடமும் ஒன்று இருக்கிறது, அவனிடம் மட்டும் இல்லை. யாரும் சொல்லவும் இல்லை. அப்பா பங்கர் கீறும்போது அவனையும் பக்கத்தில் இருத்துங்கள். நீங்களும் உங்களுக்கு நினைவிருக்கிற, சொல்லக்கூடிய ஏதாவதைச் சொல்லுங்கள்: மரத்துக்குக் கீழே நடந்த பள்ளிக்கூடம், உப்புப் போட்ட கஞ்சி, விட்டுவிட்டு வந்த நாய். அவன் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லுங்கள், கேட்காததைச் சொல்ல வேண்டாம்.

எப்போது வைத்தியரிடம் போவது? நித்திரையின்மையும் திடுக்கிடுதலும் ஒரு மாதத்துக்கு மேல் குறையாமல் நீடித்தால், சாப்பாடு குறைந்தால், அம்மா வீட்டைவிட்டு வெளியே போகவே மறுத்தால் போக வேண்டும். "நான் இருந்து என்ன" என்பது மாதிரி ஒரு வார்த்தை வந்தால் மாதக் கணக்கெல்லாம் பார்க்காமல் அன்றைக்கே போங்கள். குடும்ப வைத்தியரிடம் சொல்லலாம். இங்கிலாந்தில் அவர் கடிதம் இல்லாமலே என்.எச்.எஸ். (அரசு மருத்துவ சேவை) பேச்சு வழிச் சிகிச்சைப் பிரிவில் நேரடியாகவும் பதியலாம். மனவடுவுக்கென்றே நல்ல சிகிச்சை முறைகள் இருக்கின்றன. அவற்றில் பழைய நினைவைத் தொடுவார்கள்தான், ஆனால் பயிற்சி பெற்ற ஒருவரோடு, அம்மா தாங்குகிற அளவில், அவர் 'போதும்' என்றால் நிறுத்தி. பதியும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள், காசு கேட்க மாட்டார்கள். ஊர்க்காரர் யாராவது வந்துவிடுவாரோ என்று அம்மா தயங்கினால், தொலைபேசி வழியாக, வேற்றூர் ஆளாகக் கேட்கலாம். பெண் வேண்டும் என்றும் கேட்கலாம். மொழிபெயர்க்க நீங்கள் உட்காராதீர்கள், தம்பியையும் உட்கார்த்தாதீர்கள். பிள்ளைகள் முன்னால் அம்மா அங்கேயும் "ஒண்டுமில்லை" என்றுதான் சொல்வார்.